ஊர்ப்பெயரும் வீரர் வாழ்வும்: மண்டைதீவு மைதானத்தை முன்வைத்து

2025 செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் யாழ்ப்பாணத்துக்கான சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டியதிலிருந்து, யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்தின் விளையாட்டு எதிர்காலம் பற்றிய பேச்சில் ஒரே வாதம் திரும்பத் திரும்ப வருகின்றது. மைதானம் எழுந்தால் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய தொழில்முறை அணி சொந்த மண்ணில் ஆடும் என்றும், அணி ஆடத் தொடங்கினால் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டே வாழ்க்கைத் தொழிலாகும் என்றும் அவ்வாதம் சொல்கின்றது. முதற்பாதி நடக்கக்கூடியது. இரண்டாம் பாதியோ, தொழில்முறை வீரர் ஒருவர் எங்கே, எவ்வாறு உருவாகிறார் என்பதை எண்ணிப் பாராத நம்பிக்கை.

இங்கே குறிக்கப்படும் அணி, உரிமை அணி எனப்படும் வகையைச் சேர்ந்தது. விளையாட்டை நிருவகிக்கும் சபை, ஒரு நகரத்தின் பெயரில் அணி நடத்தும் உரிமையைத் தனியார் முதலீட்டாளருக்குக் குறித்த காலத்துக்கு விற்க, அவர் ஏலத்திலும் நேரடி ஒப்பந்தத்திலும் உள்நாட்டு, வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்து, சில வாரங்கள் நீடிக்கும் சுற்றுப்போட்டியில் ஆடச் செய்வதே இம்முறை. லங்கா பிரீமியர் லீக் 2020இல் இவ்வாறு தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கும் ஓர் அணி கிடைத்தது. அது 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. இம்முறை வீரர்களுக்குத் தந்த வருமானத்தை மறுக்க இயலாது. போருக்குப் பின்னர் யாழ்ப்பாணம் என்ற பெயரைத் தென்னிலங்கை இரசிகர்களும் மகிழ்ந்து உச்சரிக்கச் செய்ததும் சிறிய செயல் அன்று.

ஆதரவாளர்கள் முதலில் எடுத்துக்காட்டும் பெயர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில், பத்தொன்பது வயதை எட்டும் நிலையில், யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கிய இச்சுழற்பந்து வீச்சாளர், பின்னர் வங்காளதேசத்தில் ஆடி, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணியில் இடம்பெற்று, ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஆடி, 2024 மே மாதத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் பந்து வீசினார். பெருமைக்குரிய பயணம் இது. ஆனால் அதன் தொடக்கத்தை 2020இல் வைப்பது தவறு. அவர் வளர்ந்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில். 1904 முதல் பரியோவான் கல்லூரியுடன் வடக்கின் பெருஞ்சமர் எனப்படும் துடுப்பாட்டப் போட்டியை ஆடிவரும், கோட்டைக்கு அருகே சொந்த மைதானம் கொண்ட, பழைய மாணவரின் தொடர்ந்த ஆதரவைப் பெற்ற நகரப் பாடசாலை அது. உரிமை அணி அவரைச் சேர்த்துக்கொண்டபோது, ஒரு வீரரின் வாழ்வில் மிகுந்த செலவையும் மிகுந்த பொறுமையையும் வேண்டி நிற்கும் பத்தாண்டு ஏற்கெனவே முடிந்திருந்தது.

அந்தப் பத்தாண்டுக்குத் தீவகத்தில் இடமில்லை என்பதும், அதை உண்டாக்கும் கடமை உரிமை அணிக்கு எவ்விடத்தும் விதிக்கப்படவில்லை என்பதுமே இம்முறையின் அடிப்படைக் குறை. பண்ணைக் கடற்பாதை வழியே யாழ்ப்பாண நகரிலிருந்து மண்டைதீவு சில நிமிடத் தூரம்தான்; ஆனால் மண்டைதீவு மட்டும் தீவகம் ஆகாது. நெடுந்தீவு மாணவர் ஒருவர் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைய ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் செல்லவேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை ஊடாக நகரை அடையப் பேருந்தில் மேலும் அவ்வளவு நேரம் வேண்டும். படகுச் சேவையோ நாளொன்றுக்குச் சில தடவைகளே, கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. விளையாட்டுப் பயிற்சி பாடசாலை விட்ட பின்னர், மாலையில் நடப்பது. மாலைப் பயிற்சிக்கு வந்து இரவு வீடு திரும்ப வழியற்ற பிள்ளைக்குப் பக்கத்துத் தீவில் எழும் பார்வையாளர் மண்டபத்தால் கிடைப்பது மிகச் சிறிது. ஆடுகளமும் இப்படியொரு தடைதான். வடக்கின் பாடசாலைத் துடுப்பாட்டம் நெடுங்காலம் பாய் விரித்த ஆடுகளத்தில் வளர்ந்தது. பந்து எழும்பும் உயரமும் திரும்பும் அளவும் புற்றரை ஆடுகளத்தில் வேறுபடுவதால், பாயில் பழகிய துடுப்பாட்டக்காரர் மேல்நிலைப் போட்டியில் மீண்டும் முதலிலிருந்து கற்கவேண்டியவராகிறார். புற்றரை ஆடுகளத்தைப் பேண நாள்தோறும் நன்னீர் வேண்டும். கிணறுகள் பலவும் உவராகி, குடிநீருக்கே மக்கள் அல்லற்படும் தீவுகளில் அது எளிதில் கிடைக்கும் பொருளன்று.

இத்தனைக்கும் நடுவில் தீவக விளையாட்டைக் காத்தவை ஊர் விளையாட்டுக் கழகங்களும் பாடசாலைகளுமே. 1990ஆம் ஆண்டின் போர்க்கால இடப்பெயர்வோடு கலைந்துபோன கழகங்களை மீள நிறுத்தியவர்கள் திரும்பி வந்த ஊரவரும் புலம்பெயர்ந்த உறவினரும். உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் வலைப்பந்தாட்டமும் இன்றும் அங்கே உயிரோடிருப்பது அவர்களால்தான். (கிண்ணத்துக்கும் சீருடைக்கும் மனமுவந்து பணம் அனுப்புவோர், பயிற்றுநர் ஒருவரின் மாதச் சம்பளத்தைப் பொறுப்பேற்க அவ்வளவு எளிதில் முன்வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

உரிமை அணி முறையின் முதிர்ந்த வடிவத்தைக் காண அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பார்க்கலாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் முன்னேறும் அவ்விளையாட்டின் தொழில்முறை லீக்கில் 32 அணிகள் உண்டு. ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளாக நடக்கும் தெரிவில் அவை புதிய வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. உயர்நிலைப் பாடசாலையை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவரை எவரும் அத்தெரிவுக்குத் தகுதி பெறுவதில்லை. அந்த இடைக்காலத்தில் வீரரை வளர்ப்பவை பல்கலைக்கழகங்கள். 2021 வரை அவ்வீரர்கள் தம் பெயரைக்கொண்டு விளம்பரத்தில் பணம் ஈட்டவும் தடை இருந்தது. பின்னர் தொழில்முறைக்குள் நுழைபவரின் வாழ்வும் குறுகியது. சராசரியாக மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டுவது என்பது வீரர் சங்கம் நெடுங்காலமாகக் கூறிவரும் கணக்கு. இம்முறையை ஆதரிப்போர் ரொம் பிரேடியைச் சுட்டுவர்: 2000ஆம் ஆண்டுத் தெரிவில் 199ஆவது ஆளாக, பலராலும் புறக்கணிக்கப்பட்டு வந்தவர், ஏழு தடவை இறுதிக் கிண்ணத்தை வென்றார். ஆனால் பிரேடியும் கலிபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பாடசாலை அணியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பயின்று முடித்தவர். அவர் புறக்கணிக்கப்பட்டது கடைசிப் படியில் மட்டுமே. தீவகத்துப் பிள்ளைக்கு முதற்படியே இல்லை. அமெரிக்காவில் உரிமை அணிகள் வளர்ப்புச் செலவை ஏற்காமல் பிழைக்க முடிவது, அச்செலவை ஏற்கும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் அங்கே இருப்பதால். அவை இல்லாத இடத்துக்கு அம்முறையின் மேல்தளத்தை மட்டும் கொண்டுவந்து வைப்பது, அடித்தளம் இல்லாமல் கூரை வேய்வதற்கு ஒப்பானது.

ஊரின் பெயர் அணியை ஊரோடு பிணைக்கும் என்ற நம்பிக்கையும் அமெரிக்க அனுபவத்தின் முன் நிற்காது. போல்ரிமோர் கோல்ற்ஸ் அணியின் உரிமையாளர் 1984 மார்ச்சில் ஓரிரவில் பாரவண்டிகளில் உடைமைகளை ஏற்றி இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டார். ஓக்லண்ட் மக்கள் நேசித்த ரைடேர்ஸ் 2020 முதல் லாஸ் வேகாஸில் ஆடுகின்றது. யாழ்ப்பாணத்தில் இதன் சிறு வடிவம் ஏற்கெனவே நடந்தாயிற்று: ஸ்ராலியன்ஸ் என்ற பெயரோடு முதற்கிண்ணம் வென்ற அணியின் உரிமை அடுத்த ஆண்டே கைமாற, அணி கிங்ஸ் ஆயிற்று. நான்கு கிண்ணங்களை வென்ற அணி அவற்றுக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டியும் ஆடவில்லை. மைதானம் இல்லாததால் அப்படி என்பர். ஆனால் பிள்ளைகளைப் பயிற்றுவதற்கு நாற்பதாயிரம் இருக்கைகள் தேவைப்படவில்லையே. அமெரிக்காவின் அந்த 32 அணிகளுள் கிறீன் பே பக்கர்ஸ் மட்டும் வேறுவகையானது: ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் சிறு நகரத்தின் அவ்வணி 1923 முதல் பொதுமக்கள் பங்குதாரர்களாக உள்ள நிறுவனமாக இருக்கின்றது, பங்குக்கு இலாபம் கிடையாது, அணியை விற்று ஊரைவிட்டு அகற்ற எவராலும் ஆகாது. தீவகத்தின் ஊர்க் கழகங்கள், புலம்பெயர்ந்தோரின் சிறு கொடைகளால் நடப்பவை, உரிமை அணியைவிட இந்த அமைப்புக்கே நெருங்கியவை.

வளர்ப்பை ஒரு கடனாகக் கணக்கில் எழுத முடியாது என்று எவரும் சொல்ல இயலாது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா, ஒப்பந்தக் காலத்துக்குள் வீரர் ஒருவர் நாடு கடந்து வேறு கழகத்துக்கு மாறும்போது, மாற்றுத் தொகையில் ஐந்து வீதத்தை அவர் 12 வயது முதல் 23 வயது வரை பயின்ற கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று விதித்துள்ளது. இவ்விதியால் எங்கோ ஒரு சிற்றூர்க் கழகம், தன்னிடம் பயின்ற சிறுவனின் பெயரால் பல ஆண்டுகள் கழித்தும் பணம் பெறுகின்றது. துடுப்பாட்ட ஏலத்தில் பணம் வீரருக்கும் முகவருக்கும் போகின்றதே தவிர, அவருக்குப் பந்தைப் பிடிக்கக் கற்பித்த பாடசாலைக்கு எதுவும் போவதில்லை.

உரிமை அணியின் கடைசி அரண் முன்மாதிரி என்னும் வாதம். ஒருவர் எழுந்தால் அவரைக் கண்டு நூறு பேர் எழுவர் என்பார்கள். புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் எழுந்து நின்று பல ஆண்டுகள் ஆயின. 2.08 மீற்றர் உயரமுடைய அவர், இலங்கை வலைப்பந்தாட்ட அணியை ஆசியச் சம்பியனாக்கியவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்களோடு அனைவரையும் முந்தியவர். தீவகப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் ஆடும் விளையாட்டும் அதுவே. அவருக்குப் பின் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு வலைப்பந்தாட்ட உரிமை அணி ஏலத்துக்கு வரவில்லை. வரப்போவதாகவும் எவரும் பேசவில்லை. முன்மாதிரி இருந்தும் அவரைப் பின்பற்ற வழியற்ற நூறு பிள்ளைகளுக்கு இவ்வாதம் என்ன விடை வைத்திருக்கின்றது?

யாழ்ப்பாணப் பெயரில் உரிமை அடுத்தமுறை விற்கப்படும்போது, அணியின் வருமானத்தில் குறித்த பங்கு தீவக வலயப் பாடசாலைகளின் பயிற்றுநர் சம்பளத்துக்கும், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மாணவர் நகரில் தங்கிப் பயிலும் விடுதிக்கும் போகவேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். ஆண்பிள்ளைகளின் துடுப்பாட்டத்தோடு அது நின்றுவிடவும் கூடாது. அப்பிரிவை எழுத மறுக்கும் முதலீட்டாளருக்கு அந்தப் பெயரை விற்கும் உரிமை ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனத்துக்கு இல்லை.