டிஜிட்: 58 பேரின் கணக்கில் எழுந்த நம்பிக்கை

நுரையீரல் புற்றுநோய்க்குப் பிடி-1 தடுப்பு மருந்துகள் வந்தபின் நிலைமை உண்மையிலேயே மாறியது. புற்றுச் செல்களில் பாதிக்காவது பிடி-எல்1 புரதம் உள்ள நோயாளிகளிடம் நடந்த கீநோட்-024 ஆய்வில், அத்தகைய மருந்தான பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் சுமார் 32 சதவீதத்தினர் ஐந்தாண்டைக் கடந்தார்கள்; கீமோதெரபியில் தொடங்கியவர்களில் 16 சதவீதத்தினர். ஆனால் மற்றவர்களுக்கு என்ன வழி? அந்தத் தேடலில் அதிகம் பேசப்பட்ட இலக்கு டிஜிட்.

டிஜிட், நோய் எதிர்ப்பு அணுவான டி செல்லின் மேலுள்ள புரதம். புற்றுச் செல்லின் சிடி155-ஐ அது பற்றினால் டி செல் அடங்கிப்போகும். அதே சிடி155-ஐ டி செல்லின் மற்றொரு புரதமான சிடி226 பற்றினால் டி செல் வேகம் பெறும். இரண்டில் டிஜிட்டின் பிடிதான் வலுவானது. அதை மறித்தால் டி செல் மீளும் என்ற ஊகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை.

ரோஷ் நிறுவனத்தின் சிட்டிஸ்கேப் ஆய்வும் ஒழுங்காகவே வடிவமைக்கப்பட்டது. இரண்டாம் கட்டத்திலேயே குலுக்கல் முறையில் பிரித்து, யாருக்கு எந்த மருந்து என்பதை மறைத்து நடத்தினார்கள். இது பாராட்டத்தக்கது. மொத்தம் 135 பேர். அதில் பிடி-எல்1 மிகுந்த 58 பேரிடம், டிஜிட்டைத் தடுக்கும் டிரகோலுமாப்பும் பிடி-எல்1-ஐத் தடுக்கும் அட்டெசோலிசுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. அட்டெசோலிசுமாப் மட்டும் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கே. 2020-இல் இந்த எண்கள் வெளியானதும் பல நிறுவனங்கள் டிஜிட்டின் பின்னால் ஓடின.

எல்லோரும் 66-ஐப் பார்த்தார்கள். பார்த்திருக்க வேண்டியது 24-ஐ. அதே அட்டெசோலிசுமாப், ஐஎம்பவர்110 ஆய்வில், பிடி-எல்1 மிகுந்தவர்களில் சுமார் 38 சதவீதத்தினரிடம் வேலை செய்திருந்தது. இரு ஆய்வுகளிலும் பிடி-எல்1-ஐ அளந்த முறை வேறு. எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஒப்பீட்டுக் குழு இவ்வளவு பின்தங்கும்போது, புதிய மருந்தின் வெற்றியில் எவ்வளவு பங்கு தற்செயல் என்று கேட்டிருக்க வேண்டும். பக்கத்துக்கு 29 பேர் என்ற கணக்கில் நாலைந்து பேர் மாறினாலே சதவீதம் புரண்டுவிடும்.

மூன்றாம் கட்டத்தில் நடந்தது வருத்தமானது. அதே கூட்டை 534 பேர் கொண்டு சோதித்த ஸ்கைஸ்கிரேப்பர்-01 ஆய்வு, நோய் முற்றாமல் இருந்த காலத்திலும் ஆயுளிலும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2024-இல் ஸ்கைஸ்கிரேப்பர்-06 நிறுத்தப்பட்டது: பெம்ப்ரோலிசுமாப்-கீமோ கூட்டை விட டிரகோலுமாப் சேர்ந்த கூட்டு பின்தங்கியிருந்தது. மெர்க் நிறுவனத்தின் டிஜிட் மருந்தான விபோஸ்டோலிமாப்பின் ஆய்வுகளும் அதே ஆண்டு கைவிடப்பட்டன. இவற்றில் சேர்ந்தவர்கள் காலம் குறைவாகக் கொண்ட நோயாளிகள். அவர்கள் கொடுத்த மாதங்கள் திரும்பி வராது. ஒரு நிறுவனம் தடுமாறியபோதே மற்றவர்கள் நின்று பார்த்திருந்தால், அந்த நோயாளிகளில் சிலராவது வேறு ஆய்வுகளுக்குப் போயிருப்பார்கள்.

இப்போது பார்வை ஐவொனெசிமாப் பக்கம் திரும்பியிருக்கிறது. பிடி-1-ஐயும், கட்டிக்கு இரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும் விஇஜிஎஃப்-ஐயும் ஒருசேரத் தடுக்கும் மருந்து அது. சீனாவில் 398 பேரிடம் நடந்த ஹார்மனி-2 ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 11.1 மாதம், பெம்ப்ரோலிசுமாப்புக்கு 5.8. மூன்றாம் கட்டத்திலேயே வந்த எண் என்பதால் சிட்டிஸ்கேப்பை விட இது உறுதியானது. ஆனால் ஒரே நாட்டு நோயாளிகளிடம் கிடைத்தது. பிற நாடுகளிலும் இதே இடைவெளி தெரிகிறதா, அது ஆயுளாகவும் நீள்கிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே இதை அடுத்த சிகிச்சை என்று அழைக்கலாம்.