மணிக்கணக்கும் மனக்கணக்கும்

குழந்தை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கலாம்? இக்கேள்விக்கு எண்ணிலேயே விடை தந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல், 2 முதல் 4 வயதினருக்கு 1 மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 5 முதல் 10 வயதினருக்கு 2 மணி நேரத்திற்குள் என்று வரம்பு கட்டியது. உறக்கத்தையும் ஓடி விளையாடுவதையும் திரை விழுங்கிவிடக் கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆயினும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது அந்த எண் மட்டும்தான். அதை வைத்து நாம் செய்வது சரிதானா என்பதே என் கேள்வி.

என் அக்காள் மகனுக்கு வயது 9. ஆட்டிசம் உள்ள பிள்ளை. வீராம்பட்டினத்தில் எங்களோடுதான் இருக்கிறான். ஒரு மாலை, 2 மணி நேரம் ஆயிற்றென்று அவன் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கினேன். அவன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். பிடிவாதம் என்றேன். தவறு என்னுடையது.

டைனா மரே முதலிய மூவர் 2005-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. நம்மில் பலருக்குக் கவனம் பல பொருள்களில் பரவி நிற்கும். ஆட்டிசம் உள்ளோர்க்கு அது ஒன்றிலேயே ஆழ்ந்து குவியும் என்பது அவர்கள் கருத்து. அந்த ஆழத்திலிருந்து திடீரென மீள்வது எளிதன்று.

எங்கள் கடற்கரையில் ஃபைபர் படகு கரையேறுவதைப் பாருங்கள். அலையோடு வந்து, மணலில் சறுக்கி நிற்கும். அதே வேகத்தில் பாறையில் மோதினால் உடைந்துபோகும். இரண்டிலும் இழக்கும் உந்தம் ஒன்றே. நிற்க எடுக்கும் நேரம் குறைந்தால் விசை பெருகுகிறது. நான் பாறையாக நின்றேன்.

“அப்படியானால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதுமே” என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. “இன்னும் இரண்டு நிமிடம்” என்று எச்சரித்த வேளைகளில் பிணக்கு கூடியிருந்தது. நிகழ்ச்சி தானே முடிந்தபோதும், நிறுத்துவது அன்றாட வழக்கமாக இருந்தபோதும் குழந்தைகள் எளிதாக விலகினர். இது 5 வயது வரையுள்ள பொதுவான குழந்தைகளைப் பற்றிய ஆய்வு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் செய்து பார்க்கத் தக்கது. இப்போது எங்கள் வீட்டில் முடிவைக் கடிகாரம் சொல்வதில்லை. அவன் பார்க்கும் படம் முடிவதே முடிவு. அடுத்த படம் தானாக ஓடாதபடி அமைத்துவிட்டோம். திரை, குளியல், கடற்கரை என மூன்று படங்கள் வரைந்த அட்டை சுவரில் தொங்குகிறது. சில நாள் இதுவும் பலிப்பதில்லை. ஆனால் சுவரில் மோதுவது அரிதாகிவிட்டது.

எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. பேச்சு வராத குழந்தைகளுக்காகச் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது ‘ஆவாஸ்’. படத்தைத் தொட்டால் கருவி பேசும். குழந்தை அதில் “தண்ணீர்” என்று கேட்பதையும் திரை நேரத்தில் சேர்ப்பீர்களா? அவ்வாறு சேர்த்துப் பிடுங்கினால், நாம் பறிப்பது குழந்தையின் வாயை அல்லவா?

மருத்துவர் சொல்லும் வரம்பைத் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதோடு ஒரு சிறு சோதனையும் செய்யுங்கள். ஒரு வாரம், ஒரு தாளில் மூன்று செய்திகளைக் குறித்து வாருங்கள்: எதைப் பார்த்தான், எப்படி முடிந்தது, இரவு எப்போது உறங்கினான். வார முடிவில் தாளைப் பாருங்கள். எங்கள் தாளில் அழுகை வந்த நாள்களெல்லாம் நீண்ட நேரம் பார்த்த நாள்கள் அல்ல. யாரேனும் பிடுங்கிய நாள்கள்.