நிலையத்திற்குச் செல்லும் வழி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்குப் பெயர் தந்தவை செங்கற்சூளைகள். வாழ்வு தந்தவர்கள் புகைவண்டித் துறையில் உழைத்த மக்கள். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர் அவர்களுள் பலர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேயே அமைந்ததால், வெண்கோல் ஏந்தி நடப்போரும் இத்தெருக்களுக்கு உரியவராயினர்.

இத்தகைய இடத்தில், பழைய புகைவண்டித் துறையின் நிலத்தில், 2001ஆம் ஆண்டு கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. பலவகை இரயில்கள் ஓரிடத்தில் கூடுவது பெருநன்மை என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும், அந்நன்மை யாருக்கு எவ்வளவு எளிதாகக் கிட்டியது என்பது ஆராயற்பாலது.

2003இல் ஓடத் தொடங்கிய மோனோரயில், தன் நிலையத்தை மைய நிலையத்திற்கு வெளியே, துன் சம்பந்தன் சாலையில் கொண்டது. வண்டி மாறுவோர் தெருவழியே நடக்க வேண்டியிருந்தது. 2014இல் பேரங்காடி ஒன்று இடையில் எழுந்த பின்னரே கூரையுள்ள இணைப்பு வாய்த்தது. இதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. கிடைத்த வழியும் அங்காடியின் ஊடே செல்வதாயிற்று. கண்ணுள்ளவர் பலகையைப் பார்த்துத் திரும்புவர். கோலின் நுனியால் வழியறிபவர்க்கோ விளிம்பற்ற அகன்ற தளம் திசையற்ற வெளியாகும்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு ஏற்றளித்தது. ஆனால், அவ்வுரிமையை மறுப்போர்க்குத் தண்டனை விதிக்கும் பிரிவு அச்சட்டம் இயற்றப்பட்டபோது அதில் இடம்பெறவில்லை. அத்தகைய உரிமை நிருவாகத்தின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்கும். மின்தூக்கி பழுதுற்று நிற்குமாயின், சக்கர நாற்காலியில் வந்தவர்க்கு அச்சட்டம் படிக்கட்டின் அடியிலேயே முடிந்துவிடுகிறது.

மற்றொரு தடையும் உண்டு. அது கண்ணுக்குத் தோன்றுவதில்லை. நிலையம் எழுந்ததும் நிலவிலை ஏறும். அதனைத் தொடர்ந்து வாடகையும் ஏறும். சொந்த வாகனம் இல்லாது இரயிலையே நம்பி வாழ்பவர் தொலைவிற்குப் பெயர்வர். வாகனம் உடையவர் நிலையத்தருகே குடிபுகுவர். புகைவண்டி ஊழியரின் பழைய குடியிருப்புகள் பல மறைந்து உயர்மாடிகள் தோன்றிய வரலாற்றை இந்நோக்கில் காணல் வேண்டும். குறைந்த வருவாயினர்க்கு நிலையத்தருகே வீடுகளை ஒதுக்காத திட்டம், பொதுப்பணத்தில் விளைந்த பயனைச் சிலர்க்கே உரியதாக்கும்.

நகர வளர்ச்சியைப் பற்றி எழுதும் மாணவர் கட்டடத்தின் உயரத்தையும் இரயிலின் விரைவையும் எளிதில் குறித்துவிடலாம். முதியவர் ஒருவர் தம் வீட்டு வாயிலிலிருந்து வண்டியின் கதவுவரை பிறர் துணையின்றி வர இயலுமா என்பதையும் அவர்கள் அளந்து எழுதுவாராக. திட்டத்தின் தகுதி அவ்வளவில்தான் வெளிப்படும்.