கூப்பிடு தூரம்: புரத அமைப்பில் தொடுகை ஆய்வு பற்றிய ஒரு விமர்சனம்

புரதத்தை அமினோவமிலங்கள் கோத்த மணிமாலை என்று விளக்குவது நம்மிடையே வழக்காகிவிட்டது. இருபது வகை மணிகள் உண்டு. அவை கோக்கப்பட்ட ஒழுங்கே புரதத்தின் இயல்பை நிர்ணயிக்கின்றது என்பதோடு விளக்கம் பெரும்பாலும் முற்றுப்பெறுகின்றது. இவ்வுவமை பொய்யன்று; ஆயின் பாதி உண்மையே. மாலையில் ஒரு மணிக்கு அயல் மணிகள் இரண்டுதாம். புரதத்திலோ, சங்கிலி மடிந்து சுருளும்போது, வரிசையில் வெகு தொலைவிலுள்ள எச்சங்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இந்நெருக்கத்தையே ஆய்வாளர் ‘தொடுகை’ என்பர். தொடுகைகளை எவ்வாறு அளப்பது, அளந்தவற்றிலிருந்து எதனை முடிவு செய்வது என்னும் வினாக்களை விமர்சன நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணிமாலை உவமையின் குறைபாட்டினை உணர்வதற்கு நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையே போதிய சான்று தரும். தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் அவ்விடத்தில் கொழுந்து முதலில் வாட்டப்படுகின்றது, பின்னர் உருட்டப்படுகின்றது. உருட்டும்போது இலையின் கலங்கள் சிதைகின்றன. அதுவரை புன்வெற்றிடத்தில் ஒதுங்கியிருந்த கட்டெச்சின்கள், பெரும்பாலும் பச்சையுருவங்களில் தங்கியிருந்த பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியத்தோடு கலக்கின்றன. ஒட்சியேற்றம் தொடங்குகின்றது, பச்சை இலை செம்பு நிறம் பெறுகின்றது. உரிய வேளையில் சூடான காற்றிலே தேயிலை உலர்த்தப்பட, நொதியத்தின் வினை நின்றுபோகின்றது. பச்சைத் தேயிலை தயாரிப்போரோ தொடக்கத்திலேயே நீராவி முதலியவற்றால் இலையைச் சூடாக்கிவிடுவர். ஆகவே இலை பச்சையாகவே எஞ்சுகின்றது.

சூடு நொதியத்தை என்ன செய்தது? சங்கிலியை அது அறுத்துவிடவில்லை. மணிகள் கோத்த ஒழுங்கிலேயே இருக்கின்றன. குலைந்தவை மடிப்பும், மடிப்பிலே நிலைபெற்றிருந்த தொடுகைகளுமே. மாலை அறாதிருக்க நொதியம் செத்துவிட்டதென்றால், அதன் உயிர் மாலையில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

இவ்வகை நொதியத்தின் முப்பரிமாண அமைப்பு 1998இல் வத்தாளங்கிழங்கிலிருந்து பெறப்பட்ட கட்டெக்கோல் ஒட்சிடேசில் வெளிப்படுத்தப்பட்டது. அதன் வினை மையத்தில் இரு செம்பு அயன்கள் உள்ளன. ஒன்றினை 88, 109, 118 ஆம் இடங்களிலுள்ள இஸ்ரிடீன்கள் பற்றியிருக்கின்றன. மற்றதனை 240, 244, 274 ஆம் இடங்களிலுள்ள இஸ்ரிடீன்கள் பற்றியிருக்கின்றன. அடுத்தடுத்த எச்சங்களின் அல்பாக் காபன்கள் ஏறத்தாழ 3.8 அங்ஸ்ரம் இடைவெளியில் அமைவன. (ஓர் அங்ஸ்ரம் என்பது மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு.) எனவே 118 இலிருந்து 240 வரை சங்கிலியின் வழியே அளந்தால் 460 அங்ஸ்ரத்துக்கு மேல் செல்ல வேண்டும். ஆயினும் அவை தாங்கும் இரு செம்பு அயன்களுக்கும் இடையேயுள்ள தூரம் சில அங்ஸ்ரங்களே. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இறம்பொடை வளைவுகளைக் கடந்தவர்க்கு இது வியப்பளிக்காது. பாதை வழியே வெகுதூரம் சுற்றிவந்த பின்னும், விட்டுவந்த இடம் கூப்பிடு தூரத்தில் கீழே தெரியும்.

ஆனால் கூப்பிடு தூரம் எவ்வளவு தூரம்? தொடுகை ஆய்வின் அடிப்படைச் சிக்கல் இதுவே. எக்ஸ்-கதிர்ப் பளிங்கியல் நமக்குத் தருவன அணுக்களின் ஆள்கூறுகள் மட்டுமே. அவற்றிலே தொடுகை என எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. ‘இவ்வெல்லைக்குட்பட்டது தொடுகை, அப்பாற்பட்டது தொடுகையன்று’ எனத் தீர்மானிப்பவன் ஆய்வாளனே. மியசாவாவும் ஜேர்னிகனும் 1985இல் பக்கச் சங்கிலிகளின் மையங்களை எடுத்துக்கொண்டு 6.5 அங்ஸ்ரத்தை எல்லையாக்கினர். பிளாக்ஸ்கோ, சிமன்ஸ், பேக்கர் ஆகியோர் 1998இல் ஐதரசன் அல்லாத எவ்வணுக்களாயினும் 6 அங்ஸ்ரத்துள் இருந்தாற் போதுமென்றனர். அல்பாக் காபன்களிடையே 8 அங்ஸ்ரம் என்பாரும் பலர். மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள். ஒரே புரதத்திற்கு மூன்று வெவ்வேறு பட்டியல்களைத் தருவன.

எல்லை பற்றிய இவ்விவாதம் நம் மொழி வழங்கும் நிலத்திலேயே கூர்மை பெற்றதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இலும் 1955இலும் கொலாஜன் புரதத்துக்கு மும்முறுக்கு அமைப்பொன்றினை முன்மொழிந்தனர். அவ்வமைப்பில் சில அணுக்கள் ஏற்கத்தகாத அளவுக்கு நெருங்கியுள்ளன என ரிச்சும் கிரிக்கும் மறுத்துரைத்தனர். எது ஏற்கத்தக்க நெருக்கம்? இராமச்சந்திரன் இவ்வினாவையே ஆய்வுப் பொருளாக்கினார். வெளிவந்திருந்த பளிங்கமைப்புகளைத் திரட்டி, பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்குகின்றன என்று கணக்கிட்டார். அதன் விளைவாகவே இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட, இன்று அவர் பெயராலேயே வழங்கும் வரைபடம் பிறந்தது.

அவ்வாய்வில் நாம் பாராட்ட வேண்டியது முடிவினை மட்டுமன்று, முறையினையுமாகும். அவர் ஒரே எல்லையை வகுத்துக்கொள்ளவில்லை; இரண்டினை வகுத்தார். இரு காபன் அணுக்களுக்குச் சாதாரண எல்லை 3.2 அங்ஸ்ரம், இறுதி எல்லை 3.0 அங்ஸ்ரம். இவ்வாறே ஏனைய அணுச் சோடிகளுக்கும். தமது அளவுகோல் எவ்விடத்தில் உறுதியானது, எவ்விடத்தில் நெகிழத்தக்கது என்பதனை வாசகன் முன் வைத்துவிட்டே அவர் வரைபடத்தை வரைந்தார். கொலாஜனைப் பொறுத்தவரை, மும்முறுக்கு என்னும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. மூன்று எச்சங்களுக்கு நேரடி ஐதரசன் பிணைப்பு ஒன்றே என்ற எதிர்த்தரப்பின் திருத்தமும் நிலைபெற்றது. நேர்மையான விவாதம் இரு தரப்பினருக்கும் பயன்தந்தது.

இம்மரபின் அடுத்த கட்டத்தைத் திருச்சிராப்பள்ளியிற் காண்கிறோம். மணவாளனும் பொன்னுசாமியும் 1978இல் ஒவ்வோர் எச்சத்தையும் சுற்றி 8 அங்ஸ்ர ஆரையுள்ள கோளமொன்றினைக் கற்பித்து, அதனுள் வரும் எச்சங்களின் நீர்வெறுப்பினைக் கூட்டி, அவ்வெச்சத்தின் சூழலை மதிப்பிட்டனர். ஓர் எச்சத்தின் தன்மையை அதனிடம் மட்டும் தேடாது அதன் அயலிலும் தேடியமை இவ்வாய்வின் சிறப்பாகும். 2001இல் குரோமிகாவும் செல்வராஜும் வரிசையில் தொலைவிலிருந்தும் வெளியில் நெருங்கிய எச்சச் சோடிகளை எண்ணி, அத்தகைய தொடுகைகள் மிகுந்த சிறு புரதங்கள் மெதுவாக மடிகின்றன எனக் காட்டினர். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பிறர் வெளியிட்ட ஆள்கூறுகளையே மீண்டும் வாசித்துப் பெற்ற அறிவு இது.

எனினும் இவ்வாய்வுமுறையின் குறைகளைச் சுட்டாது விடுதல் முறையன்று. முதலாவது, எல்லையின் கடுமை. 7.9 அங்ஸ்ரத்திலுள்ள எச்சம் உறவாகின்றது, 8.1 இல் உள்ளது அந்நியமாகின்றது. இயற்கையில் இத்தகைய வேலி எதுவும் இல்லை. இரண்டாவது, அல்பாக் காபன்களின் நெருக்கம் பக்கச் சங்கிலிகளின் நெருக்கம் ஆகாது. இரு எச்சங்கள் முதுகோடு முதுகாக நின்று, பக்கச் சங்கிலிகளை எதிரெதிர்த் திசைகளில் நீட்டியிருத்தலும் கூடும். பட்டியல் அவற்றையும் தொடுகை என்றே பதியும். மூன்றாவது, எண்ணிக்கையின் மயக்கம். புரதங்களில் லூசீன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக மலிந்து கிடக்கின்றது. ஆகவே லூசீனின் தொடுகைகள் மிகுதியாகத்தான் தோன்றும். தற்செயலாக எத்தனை அமைந்திருக்கும் என்பதோடு ஒப்பிடாதவிடத்து, அம்மிகுதி எதனையும் நிறுவாது. நான்காவது, பளிங்கமைப்பு அசையும் பொருளொன்றின் சராசரித் தோற்றமே. ஓயாது அதிர்ந்தசையும் ஒரு மூலக்கூறினை அது நிற்கும் ஒரு நிலையை மட்டும் கொண்டு அளக்கிறோம்.

இவற்றினும் பெரிய தவறு சொல்வழக்கில் உள்ளது. ‘தொடுகை’ என்பதனையும் ‘தொடர்பு’ என்பதனையும் ஒரே பொருளில் எழுதிச் செல்கிறோம். தொடுகை அளந்தறிந்த தூரம். தொடர்பு என்பதோ ஒன்று மற்றதைத் தாங்குகின்றது, ஈர்க்கின்றது, விலக்குகின்றது என்னும் துணிபு. முன்னதைக் கண்டவுடன் பின்னதை அறிவித்துவிட முடியாது. லயத்திலே சுவரோடு சுவராக அமைந்த இரு காம்பராக்களில் வாழ்வோர் பேச்சுவார்த்தை அற்றவராயிருத்தலும் உண்டு. செம்பு அயனைப் பற்றிய இஸ்ரிடீனின் நெருக்கம் தொடர்பென்பதற்கு அதன் வினையே சான்று. அத்தகைய சான்று ஒவ்வொரு தொடுகைக்கும் வேண்டப்பட வேண்டும். சொல்லைப் பிரித்து வழங்கினால் சிந்தனையும் பிரிந்து தெளிவுறும்.

‘கணினி அமைப்பையே ஊகித்துத் தந்துவிடும்போது இவ்வாராய்ச்சி எதற்கு?’ எனச் சிலர் வினவக்கூடும். 2020இல் அல்பாஃபோல்ட் ஈட்டிய வெற்றியும் 2024இன் வேதியியல் நோபல் பரிசும் அவ்வினாவுக்கு வலுவூட்டுவன போலத் தோன்றும். ஆயின் எச்சங்கள் எவை எவற்றுக்கு அருகில் அமையும் என்ற கேள்வியே அவ்வழியையும் திறந்துவிட்டது. அமைப்பினை அறிதல் வேறு. அவ்வமைப்பு ஏன் நிலைக்கின்றது, சூட்டில் ஏன் குலைகின்றது என அறிதல் வேறு. பின்னதனைத் தொடுகைகளின் விளக்கமே தரவல்லது.

1971இல் ஏழு அமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கி இன்று யாவர்க்கும் இலவசமாகத் திறந்துள்ளது. இரு புள்ளிகளுக்கிடையேயுள்ள தூரத்தைக் காணும் சூத்திரம் உயர்தர வகுப்பு மாணவன் அறிந்ததே. அட்டனிலோ தலவாக்கலையிலோ தமிழில் விஞ்ஞானம் பயிலும் மாணவிக்கு இத்துறையின் வாயில் அடைபட்டிருக்கவில்லை. அவளுக்கு நாம் மணிமாலையை மட்டும் கொடுத்து அனுப்புவோமாயின், வாயிலை அடைப்பவர் நாமே. எந்த அணுவை அளந்தாய், எவ்வெல்லையை வகுத்தாய், எதனோடு ஒப்பிட்டாய் என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். தன் தோட்டத்து ஸ்டோரில் நாள்தோறும் நிகழும் வினையை அவள் தன் மொழியிலேயே ஆராயத் தொடங்குவதற்கு அவை போதும்.