சாம்பலும் சுட்டுவிரலும்

இலங்கையில் வாழைச்சேனைக்கு வடக்கே, வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் பேசுவது தமிழ்தான். மீன்பிடியும் சேனைப்பயிரும் தொழில். தங்கள் முன்னோர் உள்நாட்டுக் காட்டு வேடர் என்பார்கள். அந்தக் காட்டுக் குகைகளில் ஓவியங்கள் உண்டு.

வேடர் பற்றி 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் அவற்றைப் பதிந்தது. வரைந்தவர்கள் பெண்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை, சாம்பலில் எச்சில் விட்டு உள்ளங்கையில் குழைத்து, விரலால் பாறையில் இழுத்திருக்கிறார்கள். தூரிகை கிடையாது, கோட்டின் தடிப்பே விரலின் தடிப்பு. கைகளை விரித்து நிற்கும் ஆட்கள், விலங்குகள். கண், மூக்கு வேண்டுமென்ற கவலையே இல்லை. வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவாரும் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. முற்றத்தில் கோலம் போடுகிறவளிடம் யாராவது காரணம் கேட்கிறோமா?

சுவரில் வரைவது வேறோர் இடத்தில் வேறு பாதையில் போனது: ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில் 1971இல் பள்ளிச் சுவரில் பழங்குடியினர் தேனெறும்புக் கதையைத் தீட்டினார்கள்; ஒரு பெரிய ஓவிய இயக்கமே அதிலிருந்து கிளம்பியது. இன்ன கதையை இன்ன குடும்பத்தார்தான் வரையலாம் என்பது அங்கே வழக்கம். வாகரையிலோ முன்னோர் நினைவு குடும்பச் சடங்குகளில்தான் தங்கியிருக்கிறது. கடதாசி ஆலைக்குப் பேர்போனது வாழைச்சேனை. வாகரைப் பிள்ளைகள் கையில் கொஞ்சம் கடதாசியும் அடுப்புச் சாம்பலும் கொடுத்துப் பார்க்கலாம்.