ஒன்றரை மணி நேரப் பாதை

சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளின் மஞ்சள் கைகாட்டிகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைத்தான் சொல்கின்றன. அதுவும் எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். நிற்காமல் நடப்பதா, அந்த ஊரிலா? நடக்கிற காரியமா!

ஜூலை மாதம் நானும் அக்காவும் லவுட்டர்புருன்னனில் இறங்கினோம். இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே பச்சைப் பள்ளத்தாக்கு. தலைக்கு மேலே ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது ஸ்டவுப்பாக் அருவி. ‘ஸ்டவுப்’ என்றால் தூசி. தண்ணீர் பாதி வழியிலேயே தூசியாகிக் காற்றில் பறக்கிறது. பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம்!

அங்கிருந்து கார்கள் ஏறாத வெங்கன் ஊருக்குப் பல்சக்கர ரயில். ஏறியதுமே எனக்கு மேட்டுப்பாளையம் ஞாபகம். நம் நீலகிரி ரயிலின் பல்சக்கர அமைப்பு, ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. அதன் பழைய நீராவி எஞ்சின்களும் இந்த நாட்டின் விண்டர்தூரில் செய்தவை. தாய்வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

வெங்கனிலிருந்து கேபிள் காரில் மென்லிகன். அங்கே தொடங்குகிறது நம் கதாநாயகப் பாதை. 2,061 மீட்டர் உயரத்திலுள்ள கிளைன ஷைடெக் வரை சுமார் நாலரை கிலோமீட்டர். பெரும்பாலும் மெல்லிய இறக்கம்தான், முட்டிவலி அக்காவுக்கே சிரமமில்லை. நேரம், ஒன்றரை மணி.

பத்தாவது நிமிடமே நின்றுவிட்டோம். எதிரே ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் சிகரங்கள்! மோங்க் என்றால் துறவி, யுங்ஃபிராவ் என்றால் கன்னி. அரக்கன் ஐகர் கன்னியை நெருங்காதபடி துறவி நடுவில் நிற்கிறாராம். ஐகரின் வடக்கு முகம் பகலிலும் இருண்டு கிடக்கிறது. பலரைக் காவு வாங்கிய அந்தச் சுவரை 1938இல்தான் நால்வர் முதன்முதலாக ஏறி முடித்தார்கள். பார்க்கும்போதே எனக்குக் கால் கூசியது.

அப்புறம் மாடுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு சுருதியில் மணி. மலைச்சரிவு முழுக்கக் கச்சேரி! கோடையில் இப்படி மேல்புல்வெளியில் மேய்த்து, அங்கேயே பாலைக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்து, இலையுதிர் காலத்தில் மாடுகளுக்குப் பூச்சூட்டி ஊருக்கு இறக்குவார்கள். நமக்கு மாட்டுப்பொங்கல் தையில் என்றால், அவர்களுக்குச் செப்டம்பர் வாக்கில்.

எதிரே வருகிற எல்லோரும் “குரூயெஸ்ஸெக்” என்று வணக்கம் சொல்கிறார்கள். அரை மணியில் அக்காவே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

சாப்பாடு, எல்ப்ளர்மக்ரோனன். மக்ரோனி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, மேலே பொரித்த வெங்காயம். தொட்டுக்கொள்ள இனிப்பான ஆப்பிள் கூழ்! முகம் சுளித்துத்தான் வாயில் வைத்தேன். அடைக்கு வெல்லம் தொட்டுத் தின்று வளர்ந்த நாக்கு, இரண்டாம் வாயிலேயே சரணடைந்தது. விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தொண்டையில் இறங்காது.

கிளைன ஷைடெக் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி நேரம் ஓடியிருந்தது. அங்கே இன்னொரு மஞ்சள் கைகாட்டி. அடுத்த பாதைக்கு இரண்டு மணி நேரம் என்றது.

அக்கா அதை நிதானமாகப் படித்தாள்.

“அப்போ நாளைக்கு விடியக்காலையிலேயே கிளம்பிடணும்டி.”