மாதப் பாட்டுகள்

என் மேஜைமேல் குழந்தைப் பாட்டுத் தொகுதிகள் ஐந்தாறு கிடக்கின்றன. எல்லாவற்றிலும் மாதப் பாட்டு ஒன்று தவறாமல் இருக்கிறது. எழுதியவர்கள் வேறு வேறு. பாட்டு என்னவோ ஒன்றுதான். சித்திரையில் கிளம்பிப் பங்குனியில் முடிகிற பெயர் வரிசை, நடுவே எதுகைக்காகக் குடிவந்த மயில், குயில் வகையறா.

என் பேத்தி இப்படி ஒரு பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "ஆவணிக்கு அப்புறம் என்னம்மா?" என்று கேட்டேன். விழித்தாள். மறுபடி சித்திரையிலிருந்து புறப்பட்டு, ராகம் தப்பாமல் ஆவணி வரைக்கும் வந்து, "புரட்டாசி" என்றாள்.

பாட்டே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கவிமணி பசுவையும் கன்றையும் பாடியபோது குழந்தை அவற்றைக் கண்ணால் பார்த்தது. மாதப் பாட்டில் பார்க்க என்ன இருக்கிறது? நம் மாதப் பெயர்களில் பலவும் பௌர்ணமிச் சந்திரன் அடுத்து நிற்கும் நட்சத்திரத்தை ஒட்டி வந்தவை. வைகாசிக்கு விசாகம், கார்த்திகைக்குக் கிருத்திகை, தைக்குப் பூசம், மாசிக்கு மகம். அந்த நாட்களெல்லாம் வீட்டில் அகல் விளக்காகவோ கோயிலில் காவடியாகவோ குழந்தையின் எதிரே வந்து போகின்றன. பாட்டில் அவற்றுக்கு இடமில்லை, மயிலுக்கு இருக்கிறது! 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற நாலே சொல்லில் ஒரு மாதமும் அதன் வேலையும் அடங்கிவிடவில்லையா?

பிறரைச் சொல்வானேன்? ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு நானும் ஒரு மாதப் பாட்டு எழுதிக் கொடுத்தவன்தான். மாதத்துக்கு முப்பது நாள் என்று சந்தத்துக்காகப் போட்டுவிட்டேன். சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே தமிழ் மாதம். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிகத் தொலைவில் மெதுவாக நகர்கிறது. அதனால் ஆனிக்கு 31 அல்லது 32 நாள். ஜனவரித் தொடக்கத்தில் கிட்டே வந்து வேகமாக ஓடுகிறது. மார்கழி 29 அல்லது 30 நாளோடு சரி. இதெல்லாம் தெரிந்தேதான் எழுதினேன். குழந்தைகளுக்கு இது போதும் என்ற நினைப்பு.

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரைக் கிழிப்பது பேத்தியின் உரிமை. ஒரு நாள் காலையில் கிழித்த தாளோடு வந்து நின்றாள்.

"தாத்தா, இதிலே ஆனி 32-னு போட்டிருக்கே. உங்க பாட்டிலே இந்த நாளே இல்லையே?"

அன்று மத்தியானம் பாட்டைத் திருத்த உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு அந்த மெட்டுக்குள் நுழைய மறுக்கிறது.